பழுது இல்லை என்று மூன்று முறை எழுதினேன்

எங்கள் தொழிற்சாலையின் பழைய ஆட்கள் ஆண்டுக்கு ஒரு முறை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் கூடுவோம். சாப்பிடுவோம், யாருக்கு எந்த மாத்திரை என்று விசாரித்துக்கொள்வோம், கலைவோம். இந்த முறை ஒரு மலர் போடலாம் என்று முடிவாகி, எனக்கு ஒரு தலைப்பையும் கொடுத்துவிட்டார்கள்: ‘எல்.இ.டி. விளக்குகளுக்கு நிலையான பின்னூட்டச் சுற்றுகளை நான் வடிவமைத்த விதம்’. கொடுத்தவர் இன்னும் வேலையில் இருக்கும் ஓர் இஞ்சினியர். மரியாதையானவர். ஆனால் அவர் தலைப்பில் மூன்று பிழைகள் இருக்கின்றன. ‘நிலையான’ என்பது ஒன்று. ‘வடிவமைத்த’ என்பது இன்னொன்று. ‘நான்’ என்பது மூன்றாவது. எல்.இ.டி. விளக்குகள் மட்டும் உண்மை.

இப்போது அந்தச் சுற்று முழுவதும் நகத்தளவு சில்லு ஒன்றுக்குள் அடங்கி வருகிறதாம். எங்கள் காலத்தில் அதை உள்ளங்கை அகலப் பலகையில் நாங்களே சோல்டர் செய்தோம். தவறு செய்ய நிறைய இடம் இருந்தது. நான் அந்த இடத்தை வீணாக்கவில்லை.

எல்.இ.டி. பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சின்ன விளக்குக்கு மின்னழுத்தம் ஒரு துளி கூடினாலும் மின்னோட்டம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். வெளிச்சமும் கூடவே ஏறும். அதனால் மின்னோட்டத்தைப் பிடித்து வைக்க ஒரு சுற்று வேண்டும். அது ஓடுகிற அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். இதுதான் பின்னூட்டம். போர்ட் கிள்ளானில் லோரியைப் பின்னுக்கு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பின்னால் நிற்பவர் “கோஸ்தான், கோஸ்தான்”, அதாவது பின்னுக்கு வா, என்று கத்துவார். ஓட்டுநர் அதைக் கேட்டுக் கேட்டு எடுப்பார். லோரி சின்னதாக இருந்தால் சிக்கல் இல்லை. நீளமான லோரியில் “போதும்” என்ற குரல் வந்து சேருவதற்குள் சுவர் வந்துவிடும். ஓட்டுநர் பதறி முன்னுக்குப் போவார். மறுபடி “கோஸ்தான்”. மறுபடி சுவர். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள், குரல்தான் தாமதம். சுற்றிலும் அதே கதைதான். சேதி தாமதமாக வந்தால், சரிசெய்ய வைத்த சுற்றே முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்துவிடும்.

இதை இவ்வளவு தெளிவாக எழுதுகிறேனே, அப்போதே தெரியுமா என்று கேட்பீர்கள். பாடமாகத் தெரியும். கிள்ளானில் ஒரு ரேடியோ கடையில் மூன்று ஆண்டு, கோலாலம்பூரில் மாலை வகுப்பில் நான்கு ஆண்டு, ஒரு சான்றிதழ். அந்த ஏழு ஆண்டுகளில் இந்தப் பாடம் இரண்டு பரீட்சைகளில் வந்தது. இரண்டிலும் எழுதித் தேறினேன். பிறகு ஷா ஆலமில் வேலை கிடைத்தது. பாடத்தைப் பத்திரமாக வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

அங்கே என் மேலதிகாரி மிஸ்டர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர், பிரிக்பீல்ட்ஸில் வீடு, அரசாங்க வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு எங்கள் தொழிற்சாலைக்கு வந்தவர். அந்த வெயிலிலும் டை கட்டுவார். யாரையும் ஏசமாட்டார், ஏசினால் தேவலை என்று தோன்றும். நாம் ஒன்றைச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எப்பிடி அறிஞ்சனீர்?” என்பார். அவ்வளவுதான். “தோணுச்சு சார்” என்று பதில் சொன்னவர்கள் இரண்டாவது முறை சொல்லவில்லை. அவரிடம் ஒரு முறை உண்டு. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். அளந்ததை எழுத வேண்டும். எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. “அபிப்பிராயம் எண்டது கடைசியாக் கழுவுற கோப்பை, ஐசே” என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் வேலை விளக்குகளைத் தரம் பிரிப்பது. அரிசிமணி போல வந்து குவியும் எல்.இ.டி.க்களை ஒவ்வொன்றாக ஒரு குழியில் செருக வேண்டும். என் சுற்று அளவான மின்னோட்டத்தைக் கொடுக்கும். எதிரில் இருக்கும் உணர்கருவி வெளிச்சத்தை அளந்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் எழுதிய டப்பாவில் விளக்கைப் போட வேண்டும். ஒரே டப்பா விளக்குகளை வாங்கினால்தான் வாங்குகிறவரின் பலகை ஒரே சீராக எரியும். கலந்துவிட்டால் பலகை கிழவர் சிரித்த மாதிரி இருக்கும். ஒன்று பளிச்சென்று, ஒன்று மங்கி, ஒன்று இருக்கிறதா என்றே தெரியாமல்.

வரிசையாக எட்டு மேசை. எட்டுக்கும் சுற்று நான் செய்ததே. மேசையோரத் தட்டில் சுற்று அடங்கிய பெட்டி, பெட்டியிலிருந்து குழிவரை இரண்டு முழம் ஒயர். ஓராண்டு ஒரு குறையும் இல்லை. நான் நடையைக்கூட மாற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு புது இயந்திரம் வந்து இறங்கியது. அதற்கு இடம் விடுவதற்காக வரிசையை வளைத்தார்கள். ஏழாம் மேசை ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெட்டி மட்டும் இந்தப் பக்கத் தட்டிலேயே தங்கிவிட்டது. ஒயர் எட்டவில்லை. நீட்டிவிட்டேன். தூணைச் சுற்றி, சுவரோரமாக, பத்தடிக்கு மேல் கிளிப் அடித்து அழகாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அம்பலவாணர்கூட நின்று பார்த்து, “வடிவாச் செய்திருக்கிறீர்” என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே பாராட்டு, என் பணிக்காலத்தின் மிகப் பெரிய தவறுக்கு.

ஏழாம் மேசையில் இருந்தவர் சரோஜா. பண்டமாரானிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருவார். கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர்; அப்போது முதுகு பிசகி வீட்டில் படுத்திருந்தார். மூன்று பிள்ளைகள். எட்டு மேசைகளில் சரோஜாவின் கைதான் வேகம்.

மேசை மாறி ஒன்றரை மாதத்தில் வெளிநாட்டிலிருந்து சில பெட்டிகள் திரும்பி வந்தன. கூடவே ஒரு புகைப்படம்: கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் இருந்த சீட்டுகள் எல்லாவற்றிலும் ஏழாம் மேசை, சரோஜாவின் எண்.

உற்பத்தி மேலாளர் மிஸ்டர் லிம் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நான் முறைப்படியே போனேன். கண்ணால் பார்த்தேன், ஒயர் அழகாக இருந்தது. பெட்டியைத் திறந்து ஆஸிலோஸ்கோப்பின் கிளிப்பை மாட்டினேன். மின்சாரம் நடுங்கினால் அதைப் பச்சைக் கோட்டில் காட்டிக்கொடுக்கும் கருவி அது. கோடு அசையாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அப்படிக் கிடந்தால் அழுவார்கள். எங்கள் தொழிலில் அதுதான் ஆரோக்கியம். ‘பழுது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரோஜாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனது.

அடுத்த வாரம் அவரே என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இங்க வாங்க. இந்த லைட்ட பாருங்க. போடறேன், ரெண்டு காட்டுதா? எடுத்துட்டுத் திரும்பப் போடறேன். பாத்தீங்களா, நாலு! ஒரே லைட்டு. அதுக்கென்ன பேய் புடிச்சிருக்கா?”

“ஒரே லைட்ட ரெண்டு தடவ போடக் கூடாதே. ரூல்ஸ் இருக்குல்ல?”

“ரூல்ஸ் இருக்கு லா. லைட்டுக்குத் தெரியலையே.”

மறுபடி பெட்டியைத் திறந்தேன். கிளிப்பை மாட்டினேன். பச்சைக் கோடு சாதுவாகக் கிடந்தது. “இப்ப போடுங்க” என்றேன். போட்டார். இரண்டு. எடுத்துப் போட்டார். இரண்டு. பத்து முறை போட்டார். பத்து முறையும் இரண்டு.

சரோஜா என்னைப் பார்த்தார். நான் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். இரண்டாவது முறையாக ‘பழுது இல்லை’ என்று எழுதினேன். எழுதும்போது ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்தலுக்கு அளவு இல்லை. அம்பலவாணரின் முறைப்படி அளவு இல்லாததை எழுத முடியாது.

மூன்றாவது முறை லிம்மே கூட வந்தார். சரோஜாவின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. காரணம், அவர் இடது கையால் ஒயரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் விளக்குகளைச் செருகிக்கொண்டிருந்தார்.

“என்ன இது? ஏன் ஒயரைப் பிடிச்சிருக்கே?” என்று லிம் மலாய் மொழியில் கேட்டார்.

“பிடிச்சா சரியா காட்டுது பாஸ். விட்டா மாத்திக் காட்டுது.”

லிம் என் பக்கம் திரும்பினார். “இவர் சொல்றது நடக்குமா?”

நான் சான்றிதழ் பெற்றவன். “ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்கு. கை வச்சா ஒண்ணும் ஆகாது” என்றேன். பெட்டியைத் திறந்தேன், கிளிப்பை மாட்டினேன். சரோஜா கையை எடுத்தார். விளக்கு சரியாகக் காட்டியது. கையை வைத்தார். அப்போதும் சரியாகவே காட்டியது. லிம் பெருமூச்சு விட்டார். நான் மூன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரமே சரோஜாவுக்குக் குற்றக் கடிதம் வந்தது. கவனக்குறைவாகத் தரம் பிரித்தது ஒன்று. வேண்டுமென்றே வேலையைத் தாமதப்படுத்தியது இன்னொன்று. வெள்ளிக்கிழமை காலை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். சாட்சிகளின் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. என் மூன்று தாள்களும் இணைப்பில் இருந்தன.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்ததும் சரோஜா என் அறை வாசலில் வந்து நின்றார். அழுதுகொண்டு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை, கோபமாக இருந்தார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க வந்து அந்தக் கிளிப்ப மாட்டுனா நல்லா இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போனா திரும்ப ஆரம்பிக்குது. மூணு தடவையும் அப்படித்தான். நான் பொய் சொல்றேனா, அந்தப் பெட்டி பொய் சொல்லுதா?”

“நீங்க பொய் சொல்லல.”

“அப்ப பெட்டி?”

“பெட்டிக்கு அவ்வளவு அறிவு கிடையாது.”

“அப்ப மிச்சம் நீங்கதான் அண்ணே.”

அவரே தொடர்ந்தார். “அந்த மூலைக்கு மாத்துனதுலேர்ந்து எல்லாமே சனியன். பக்கத்து வரிச ரோஸ்னாவோட ரேடியோகூட அங்க கத்துது. தமிழ்ப் பாட்டு வைப்பா. நான் வேலைய ஆரம்பிச்சா பாட்டுக்கு நடுவுல விசில் அடிக்குது. எனக்காகத்தான் அடிக்குதுன்னு கிண்டல் பண்றாங்க.”

ரேடியோ கடையில் மூன்று ஆண்டு இருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த மூன்று ஆண்டில் நான் கற்ற ஒரே உருப்படியான விஷயம், நல்ல ரேடியோ தானாக விசில் அடிக்காது என்பதுதான். பக்கத்தில் ஏதோ ஒன்று அதே வேகத்தில் துடித்தால்தான் அடிக்கும்.

பக்கத்து வரிசை ரோஸ்னாவிடம் ரேடியோவை இரவல் வாங்கினோம். ஏழாம் மேசையில் வைத்தேன். யாரோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரோஜா ஒரு விளக்கைச் செருகினார். வாழ்த்தின் நடுவே நீளமாக ஒரு விசில். எடுத்தார், நின்றது. செருகினார்; விசில். நான் பெட்டியில் கிளிப்பை மாட்டினேன். விசில் சட்டென்று அடங்கி, வாழ்த்துப் பெறும் குழந்தையின் பெயர் தெளிவாகக் கேட்டது. கிளிப்பை எடுத்தேன், விசில். சரோஜா இடது கையை ஒயரின் மேல் வைத்தார். விசில் நின்றது.

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் சுற்று ஆடிக்கொண்டிருந்தது. என் கருவி அதைத் தொட்டவுடன் அடங்கிவிட்டது. ஆட்டத்தைப் பிடிக்கப் போன நானே ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நின்றதை அளந்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்பலவாணரிடம் ஓடினேன். இடியப்பத்தை முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார்.

“சார், ஏழாம் மேசை ஆடுது சார்.”

“எப்பிடி அறிஞ்சனீர்?”

“ரேடியோ விசில் அடிக்குது சார்.”

துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “மூண்டு தாளிலை பழுதில்லை எண்டு எழுதியிருக்கிறீர்.”

“கிளிப்ப மாட்டி அளந்தேன் சார். மாட்டுனா ஆட்டம் நின்னுடுது.”

“கிளிப் போடாமல் அளந்து பாத்தனீரோ?”

“கிளிப் போடாம எப்படி சார் அளக்கறது?”

துண்டை மடித்து வைத்தார். பிறகு, “அதுதான் எனக்கும் விளங்கேல்லை” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

மேல்கோட்டைக் கழற்றிவிட்டு வந்து ஏழாம் மேசையில் உட்கார்ந்தார். ஒரு தட்டு நிறைய விளக்குகளை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு முறை தானே செருகினார். எண்களைக் கட்டம் போட்ட தாளில் எழுதினார். சரோஜா பக்கத்தில் நின்று, “சார், நெட்டுக்குத்தா போடணும், கோணலா போடாதீங்க” என்று இரண்டு முறை திருத்தினார். “சரி பிள்ளை, சரி” என்றார் அவர். தட்டு முடிந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விளக்குகள் முதல் முறை ஓர் எண்ணும் இரண்டாம் முறை வேறோர் எண்ணும் காட்டியிருந்தன.

“நாளைக்கு நீர் என்ன சொல்லப்போறீர்?” என்று என்னைக் கேட்டார்.

“பழுது இருக்குன்னு சொல்றேன் சார்.”

“என்ன பழுது எண்டு கேப்பினம்.”

“ஒயர் நீளம் காரணமா இருக்கலாம். ஆனா உறுதியாத் தெரியல சார்.”

“தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லாதேயும். தெரிஞ்சதை விட்டுடாதேயும்.” இவ்வளவு சொல்லிவிட்டு டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். துணைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் பணியாளர் பிரிவுத் தலைவர், லிம், தட்டச்சு செய்ய ஒரு பெண். இந்தப் பக்கம் சரோஜா, விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையில். நான் என் மூன்று தாள்களுடன்.

“இந்தக் கையெழுத்து உங்களுடையதா?”

“ஆமாம்.”

“மூன்று முறையும் பழுது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“மூன்று முறையும் தப்பாக எழுதியிருக்கிறேன்.”

தட்டச்சு நின்றது. லிம் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“அப்படியானால் என்ன பழுது?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒயர் நீளம், சேதியின் தாமதம் என்று அடுக்கடுக்காக ஒரு சொற்பொழிவு. வாயைத் திறந்தபோது அது வரவில்லை. ஒயர் நீண்டதால் ஆடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், கை வைத்தால் ஏன் நிற்கிறது? ஒயரில் கை வைத்தால், எல்லாப் பாடப் புத்தகத்தின்படியும் இன்னும் அதிகமாக ஆட அல்லவா வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன்.

“தெரியாது.”

“பழுது இருக்கிறது, ஆனால் என்ன என்று தெரியாது?”

“ஆமாம். இருப்பது தெரியும். அதைக் காட்டவும் முடியும்.”

எல்லாருமாக எழுந்து ஏழாம் மேசைக்குப் போனோம். டை கட்டியவர்கள் நால்வர் — அம்பலவாணர் எப்போதோ வந்து பின்னால் சேர்ந்திருந்தார் — ஒரு சின்ன ரேடியோவைச் சுற்றி நின்றோம். மரண அறிவித்தல் ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்றலாமா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. சரோஜா விளக்கைச் செருகினார். காலஞ்சென்றவரின் பிள்ளைகள் பெயர் வரிசையின் நடுவே கூர்மையாக விசில் கிளம்பியது. வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சரோஜா கையை ஒயரில் வைத்தார். விசில் நின்றது. பேரப்பிள்ளைகள் பெயர்கள் தெளிவாகக் கேட்டன. கையை எடுத்தார். விசில்.

லிம் தானே ஒரு முறை கை வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “சோ, ஷீ இஸ் தி ஸ்பேர் பார்ட், ஆ?” என்றார்.

“யெஸ் மிஸ்டர் லிம்” என்றேன். அந்தத் தொழிற்சாலையில் நான் தயங்காமல் சொன்ன தொழில்நுட்பக் கருத்து அது ஒன்றுதான்.

விசாரணை அன்றே தள்ளிவைக்கப்பட்டது. ரத்தாகவில்லை, தள்ளிவைப்பு. பழுதை நான் சரிசெய்து, ஒரு வாரம் ஓட்டிக் காட்டினால் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகப் பணியாளர் பிரிவுத் தலைவர் சொன்னார். அதுவரை சரோஜாவை வேறு மேசைக்கு மாற்றலாம் என்றார் லிம்.

“வேணாம் பாஸ்” என்றார் சரோஜா. “நான் போயிட்டா, அப்புறம் நல்லா ஆயிடுச்சுன்னா, என்னாலதான் கெட்டுச்சும்பாங்க.”

அடுத்த பத்து நாள் நானும் அம்பலவாணரும் கணக்குப் போட்டோம். பின்னூட்டத்தின் பாதையில் மின்சாரத்தைத் தேக்கி விடுகிற ஒரு சின்ன கெப்பாசிட்டரை வைத்தால், சுற்று கொஞ்சம் நிதானமாகத் திருத்தும். ஒயரில் சேதி தாமதமாக வந்தாலும் பதறாது. இது பாடம். எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் என்பதுதான் கேள்வி. அம்பலவாணர் கட்டத்தாளில் கோடுகள் போட்டு ஓர் அளவு சொன்னார். நான் வேறு வழியில் கணக்குப் போட்டு அதில் பாதி சொன்னேன். அவர் அளவை வைத்தோம். விசில் அடித்தது, சுருதி மட்டும் மாறி. என் அளவை வைத்தோம். இன்னும் உற்சாகமாக அடித்தது. இரண்டையும் சேர்த்து வைத்தோம்; அடித்தது. கடைசியில் டப்பாவில் கைக்கு வந்த ஒன்றை வைத்தேன். அவர் சொன்னதைவிட நாலு மடங்கு. ரேடியோவில் சமையல் குறிப்பு கணீரென்று கேட்டது.

“ஏன் சார் இது மட்டும்?” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். “வேலை செய்யுது. அது தெரிஞ்சது. ஏன் எண்டது தெரியாதது. ரெண்டையும் வேற வேறயா எழுதும்.”

அப்படியே எழுதினேன். பிறகு பெட்டியையும் தூணுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்து, நான் அழகாக அடித்த பத்தடி ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். கெப்பாசிட்டர் சரிசெய்ததா, ஒயரைக் குட்டையாக்கியது சரிசெய்ததா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதேயும் என்று அம்பலவாணர் சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

சரோஜா அந்த ஒரு வாரமும் ஒயரைத் தொடவில்லை. இடது கையைப் பழக்கத்தில் நீட்டிவிடுவார். பிறகு ஞாபகம் வந்து மடியில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு தட்டிலும் பத்து விளக்குகளை லிம்மின் அனுமதியோடு இரண்டு முறை போட்டுப் பார்த்தார். ஒருநாள்கூட நான் போய், “எப்படி இருக்கு?” என்று கேட்க விடவில்லை. தூரத்தில் என்னைப் பார்த்தாலே, “போங்கண்ணே, நீங்க வந்தா அது நல்ல புள்ள ஆயிடும்” என்று விரட்டிவிடுவார்.

எட்டாம் நாள் பணியாளர் பிரிவுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். கடிதத்தைத் திரும்பப் பெறுவதற்கு, என் பழைய மூன்று தாள்களும் திருத்தப்பட வேண்டுமாம். தாளில் அச்சடித்திருந்தது இரண்டு கட்டங்கள்தான்: பழுது உண்டு, பழுது இல்லை. அன்று அளந்தபோது பழுது தெரியவில்லை என்பதும் உண்மை. பழுது இருந்தது என்பதும் உண்மை. எதில் குறிப்பது என்று பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். கடைசியில் மூன்று தாள்களிலும் பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, ‘நான் தொட்டபோது இல்லை’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பணியாளர் பிரிவுத் தலைவர் அதை நெடுநேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, முத்திரை குத்திவிட்டார்.

சரோஜாவின் கோப்பிலிருந்து குற்றக் கடிதத்தை உருவி எடுத்தார்கள். கிழித்துப் போடுவதற்காகத் தட்டச்சுப் பெண் கையை நீட்டினார். சரோஜா கொடுக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “அது எதுக்கு இன்னும்? தூக்கிப் போட்டுடலாம்ல?”

“இருக்கட்டும் அண்ணே” என்றார். “அடுத்த தடவ நீங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு வருவீங்கல்ல, அப்ப மொதல்ல இதக் காட்டறேன். அப்புறம் கிளிப்ப மாட்டுங்க.”